முத்திரை குத்திய காமிக்ஸுக்கு என்ன விலை?

1938 ஜூனில் பத்து சென்ட்டுக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் பிரதி ஒன்று, 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. சூப்பர்மேன் அறிமுகமான இதழ் அது. இன்று மிஞ்சியிருப்பவை சுமார் நூறு பிரதிகள்தான் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய காகிதம் திரட்டிய இயக்கங்களில் அந்தக் கால காமிக்ஸ்கள் பெருமளவு கூழாகிப் போனதும் இந்தத் தட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம். ஆனால் விலையைத் தீர்மானித்தது அரிதான தன்மை மட்டுமல்ல, பத்துக்கு எட்டரை என்று அந்தப் பிரதிக்குக் கிடைத்த மதிப்பெண்ணும்தான். 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சி.ஜி.சி. நிறுவனம் இதழ்களுக்கு இப்படி மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிட்டுத் தருகிறது. மடிப்பு, கிழிசல், கறை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறையும். யாரும் புரட்டாததுபோல் இருக்கும் இதழுக்கே உச்ச விலை. தமிழ் காமிக்ஸ் சேகரிப்பாளர்களிடமும் இந்த அளவுகோல் இப்போது செல்வாக்குப் பெற்று வருகிறது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் புழங்கிய இதழ்களை இந்த அளவுகோலால் அளப்பது தவறு என்பது என் கட்சி.

இந்த இதழ்கள் இங்கே எப்படி வந்தன, எப்படி வாசிக்கப்பட்டன என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் வெளிவந்தது. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் 1962இல் பிறந்த நாயகன் தமிழ் பேசத் தொடங்கியது அப்போதுதான். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் புறப்பட்டன. ராணி காமிக்ஸ் ‘தினத்தந்தி’ குழுமத்தினுடையது என்பதால், தந்தி போகும் ஊருக்கெல்லாம் அதுவும் போனது. சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரி ரயில் பாதைகள் கூடும் விழுப்புரத்துக்கும், புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை பிரியும் திண்டிவனத்துக்கும் அச்சிட்ட எதுவும் வந்து சேர்வதில் சிரமமில்லை. சிரமம் வாங்குவதில்தான். கையில் காசில்லாத பையன் காமிக்ஸை வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தான். வாடகை நூலகக்காரர் இதழ் வந்ததும் கோணி ஊசியால் முதுகில் மூன்று துளை போட்டு டுவைன் நூலால் தைப்பார். அட்டைக்குப் பின்னால் பழுப்புத் தாள் ஒட்டுவார். முதல் பக்கத்திலும் நடுப்பக்கத்திலும் ஊதா மையில் கடை முத்திரை, அதன் கீழே வரிசை எண். அமெரிக்க அளவுகோலில் இவை அத்தனையும் சேதம். எனக்கு இவை ஆதாரம். எந்த ஊரில், எந்தக் கடையில், எத்தனையாவது புத்தகமாக இந்தக் கதை வாசிக்கப்பட்டது என்று சொல்ல இந்த மைக்கறையை விட்டால் வேறு சாட்சி கிடைப்பது அரிது. அந்தக் கடைகளின் கணக்கு நோட்டுகளை யார் பாதுகாத்தார்கள்?

இந்தச் சாட்சியும் நிலைப்பதில்லை. காமிக்ஸ் அச்சான மலிவுத் தாள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறி, மடித்தால் ஒடியும். வீட்டில் இடம் அடைக்கிறது என்று எடைக்குப் போனவை ஏராளம். மழை வேறு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. தென்பெண்ணை பெருக்கெடுத்து அரசூரில் தேசிய நெடுஞ்சாலையையே மறித்தது. தரையோடு தரையாக அட்டைப் பெட்டியில் கிடக்கும் காகிதம் அந்தத் தண்ணீரில் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

கதைதான் மறுபதிப்பாக வந்துவிடுகிறதே, பழைய தாளுக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ‘இரத்தப் படலம்’ காமிக்ஸ் தொடர் 2010இல் கறுப்பு வெள்ளைத் தொகுப்பாகவும், 2018இல் வண்ணத்திலும் வந்தது. கதை வேண்டியவர் அதை வாங்குவதே சரி. மறுபதிப்பு வரட்டும், பழைய இதழின் விலை இறங்கட்டும், வாசகனுக்கு நல்லது. ஆனால் மறுபதிப்பு கதையை மட்டுமே மீட்கிறது. அன்றைய வாசகர் கடிதங்களும் விளம்பரங்களும் முத்திரைகளும் பழைய பிரதியில்தான் இருக்கின்றன. சென்னையில் கன்னிமாரா நூலகம் இருக்கிறதே என்பார்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் அங்கே ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அந்தப் பிரதி என்ன அச்சானது என்பதைச் சொல்லும். திண்டிவனத்தில் அது யார் கையில் புரண்டது என்பதைச் சொல்லாது.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. முத்திரைக்கு மதிப்பு என்று சொன்னால் நாளைக்கே போலி முத்திரை குத்துவார்களே? குத்துவார்கள்தான். கலர் ஜெராக்ஸ் எடுத்து அட்டை மாட்டுவது எவ்வளவு சுலபமோ, இதுவும் அவ்வளவு சுலபம். ஆனால் அதற்காக உண்மையான முத்திரையைக் குறையாகக் கருத முடியாது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய மை தாளுக்குள் ஊறி மறுபக்கம் மங்கலாகத் தெரியும். ஒரே கடையின் பல இதழ்களை அடுக்கினால் வரிசை எண்கள் ஒன்றையொன்று உறுதிசெய்யும். ஒரே ஒரு முத்திரை விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். அரசுக் கிளை நூலகத்தின் முத்திரை இருந்து, கழித்ததற்கான குறிப்பு இல்லையென்றால் அது விற்பனைக்கு உரியதல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டியது.

ஏலம் விட்டால் எல்லாம் பணக்காரர் அலமாரிக்குப் போய்விடும் என்ற கவலையும் புரிகிறது. ஆனால் இதழை அழிப்பது பழைய பேப்பர் கடைத் தராசு, ஏலம் அல்ல. தனியார் கையில் சேர்ந்தது பொதுவுக்கு வராது என்றும் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த பழைய புத்தகங்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப் பின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் அது இன்று ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. எனவே ஏலத்தைவிட என்னை உறுத்துவது, இங்கே நடக்கும் விற்பனை வாட்ஸப்பிலும் நேரிலும் பேசி முடிந்து சுவடில்லாமல் போவதுதான். விழுப்புரத்துப் பிரதி கோவைக்கோ துபாய்க்கோ கைமாறும்போது அது விழுப்புரத்துப் பிரதி என்ற தகவல் அறுந்துபோகிறது. விற்பவர் இதழின் எண், மாதம், விலையோடு முத்திரையில் உள்ள கடைப் பெயர், ஊர், வரிசை எண், தையல் எப்படி, எந்த ஊரில் கிடைத்தது என்பதையும் எழுதி, முத்திரைப் பக்கத்தைப் படம் எடுத்துச் சேர்த்துவிட்டால் போதும். அதன் பிறகு பிரதி யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. முத்திரையை ரப்பரால் தேய்த்தும், தையலைப் பிரித்துப் புது பின் அடித்தும் ‘புதுசு மாதிரி’ ஆக்கி விற்கும் வழக்கத்துக்குத்தான் ஆட்சேபம்.