பெருமாள் பக்தியும் பேருந்து நேரமும்

தொழிற்சாலை நடத்திய ஒருவர் மறைந்தால், நினைவு மலரில் மூன்று புகழுரைகள் தவறாமல் வரும்: திறமையான நிர்வாகி, சிறந்த பக்திமான், அன்பான தகப்பனார். மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத மூன்று மனிதரைப் பற்றியவை போலவே எழுதப்படுகின்றன. இந்தப் பிரிவினை தவறு. பக்தி மெய்யானதா என்பது நிர்வாகத்திலும் வீட்டிலும்தான் தெரியவரும் என்பது என் வாதம். ஸ்ரீபெரும்புதூரில் நின்று இதைச் சொல்லத் தனிக் காரணம் உண்டு. 1017-இல் இவ்வூரில் அவதரித்த இராமாநுசர் வேதாந்தத்துக்கு உரை எழுதியதோடு நிற்கவில்லை. திருவரங்கம் பெரிய கோயிலின் பணியாளர்களைப் பத்துக் கொத்துகளாக வகுத்து, இன்னாருக்கு இன்ன பணி என்று அவர் ஒழுங்கு செய்ததை அக்கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு பதிவு செய்கிறது. நிர்வாகமே கைங்கரியமாக நடந்த மரபு அது.

அந்த மரபின் பிற்காலச் சான்றாக டி.வி. சுந்தரம் ஐயங்காரைக் கொள்ளலாம். நம்மாழ்வார் பாடிய திவ்யதேசமான திருக்குறுங்குடியில், வைணவக் குடும்பத்தில் 1877-இல் பிறந்தவர். வழக்கறிஞர் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 1910-களின் தொடக்கத்தில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். அவர் குடும்பத்தார் பின்னாளில் செய்த கோயில் திருப்பணிகளையே பக்திக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கு அதைவிட வலுவான ஆதாரம் பேருந்து நேரம். அவருடைய டி.வி.எஸ். நிறுவனப் பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்து கொண்டார்கள் என்ற பேச்சு மதுரை வட்டாரத்தில் இன்றும் உண்டு. நேரம் தவறாமை தானாக வருவதில்லை. பட்டறையில் முந்தின இரவே வண்டியைச் சோதித்திருக்க வேண்டும். உதிரிபாகம் கையிருப்பில் இருக்க வேண்டும். ஓட்டுநர் தூங்கி எழுந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போனது. அப்போது அவருடைய நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனைச் செய்து வண்டிகளை ஓடவைத்தது. வழியில் காத்திருக்கும் முகம் தெரியாத பயணியை ஏமாற்றக் கூடாது என்ற இந்தக் கவலையை வழிபாட்டுக்கு வெளியே தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் வந்த சோதனை இன்னும் கடுமையானது. மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அன்றைய ஆசாரம் அவருக்கு விதித்திருந்த வாழ்க்கை எல்லாரும் அறிந்தது. ஆனால் அவர் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-இல் டாக்டரானார். 1940-இல் காந்தியின் ஆசியோடு ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் இருவரும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இதெல்லாம் காந்தியால் நடந்தது, தகப்பனாரின் பக்திக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். மறுமணத்தில் காந்தியின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் விதவை மகளை மூலையில் உட்காரவைக்காமல் படிக்கவைத்த குடும்பம் அது. அந்தப் படிப்பு மறுமணத்துக்கு ஆண்டுகள் முந்தியது. ஆசாரத்தை விட்டுக்கொடுத்துப் பிள்ளையைக் காத்தவரை நான் பக்தர் என்றே சொல்வேன்.

வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. பக்திமானான நிர்வாகி தன்னைத் தொழிலாளிகளின் தகப்பனாக நினைத்துக்கொள்வார். தகப்பன் கொடுப்பது கருணை, தொழிலாளி கேட்பது உரிமை. கருணை பெருகினால் உரிமை சுருங்கும் என்கிறார்கள். இதை நான் பாதிக்கு மேல் ஏற்கிறேன். 2021 டிசம்பரில் இந்த வட்டாரத்துப் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் மருத்துவமனைக்குப் போன பிறகு, நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததற்குச் சங்க அங்கீகாரம் முக்கியக் காரணம். யாருடைய நல்ல மனதும் அவர்களுக்குச் சங்கத்தின் இடத்தை நிரப்பியிருக்காது. ஆனால் இந்த மறுப்பு வீழ்த்துவது, தொழிலாளியைக் குழந்தையாக்கும் தகப்பன்தனத்தைத்தான். சௌந்தரத்தின் வரலாற்றில் நாம் காண்பது வேறு வகை: பிள்ளை தன் காலில் நிற்கும்படி வழிவிடும் தகப்பன். அப்படிப்பட்ட நிர்வாகிக்குச் சங்கம் எதிரியாகத் தோன்றாது. ஒரே வரிசையில் பல மதத்தாரும் பல மாநிலத்தாரும் வேலை செய்யும் ஆலையில் அவர் தம் வழிபாட்டை அடுத்தவர் மேல் திணிக்கவும் மாட்டார்.

சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28-இல் கொடைக்கானலில் காலமானார். சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் பெரிய ஆலைகள் எழுந்தது அதற்குப் பின்னால், பிள்ளைகள் காலத்தில். அக்குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் ஒரகடத்துக்கு வந்தது இன்னும் பிந்தி. இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை மேலாளராக இருந்து மறைபவர்களுக்கு மலர் போடும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: அவர் போன கோயில்களைத் தாராளமாக எழுதுங்கள். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் பத்திரமாக வீடு திரும்பினார்களா, கேன்டீன் சாப்பாடு எப்படி இருந்தது, கையைத் தூக்கிக் கேள்வி கேட்ட தொழிலாளி வேலையில் நீடித்தாரா என்பதையும் விசாரித்து, அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள்.