உபரி எவருடைய பணம்?

மாதக் கடைசியில் வீட்டில் பத்து ரூபாய் மிஞ்சினால், அது இல்லத்தரசியின் சிக்கனத்துக்குச் சான்று. சர்க்காரின் கணக்கில் விழும் மிச்சமும் அத்தகையதுதானா? டில்லியில் அமர்ந்து சர்க்கார் குறிப்புகளைத் தமிழாக்கும் எனக்கு, ‘உபரி’ என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் இந்த ஐயம் எழுவதுண்டு. இதற்கு 1902-ஆம் ஆண்டிலேயே விடை பகர்ந்தவர் கோபால கிருஷ்ண கோகலே.

அவ்வாண்டு மார்ச் 26-ஆம் தேதி, கல்கத்தாவில் வைசிராயின் சட்டசபையில் அவர் தமது முதல் வரவு செலவுத் திட்ட உரையை நிகழ்த்தினார். அங்கத்தினர் விவாதிக்கலாம், வாக்களிக்கும் உரிமை கிடையாது. பஞ்சமும் பிளேக்கும் நாட்டை வாட்டிய காலம் அது. ஆயினும் கஜானாவில் ஆண்டுதோறும் உபரி! அது செழிப்பின் அறிகுறி என்றனர் அதிகாரிகள். கோகலே அதை மறுத்தார். ரூபாயின் மதிப்பு சரிந்தபோது, இங்கிலாந்துக்குச் செலுத்த வேண்டியதை ஈடுகட்ட வரிகளை உயர்த்தினார்கள். பின்னர் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு ஏறியது, வரிகளோ இறங்கவில்லை. ஆகவே உபரி என்பது, ஏழைகளிடம் தேவைக்கு மேல் வாங்கிய பணமே என்றார் அவர். பணம் மிகுந்தால் நேர்மையான சர்க்காருக்கும் செலவை ஏற்றும் சபலம் பிறக்கும் என்றும் எச்சரித்தார். பெருகிவந்த ராணுவச் செலவையும் கண்டித்தார்.

இது திடீரென்று எழுந்த குரலன்று. 1897-ல் லண்டனில், இந்தியச் செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷன் முன் கோகலே சாட்சியம் அளித்தார். ‘சுதேசமித்திரன்’ கண்ட நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் அங்கே சாட்சியம் கூறியவரே.

பலன் என்ன? 82 பவுண்டு கொண்ட மணங்குக்கு 2 ரூபாய் 8 அணாவாக இருந்த உப்பு வரி, 1903-ல் 2 ரூபாயாகவும், 1905-ல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-ல் 1 ரூபாயாகவும் குறைந்தது. வருமான வரி விலக்கு வரம்பும் 1903-ல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது.

கோகலே கருமியல்லர். 1911-ல் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொணர்ந்து, பள்ளிகளுக்குச் செலவிடுமாறு மன்றாடியவரும் அவரே. வீண் செலவை வெறுத்தவர், வேண்டிய செலவை வெறுக்கவில்லை.

இன்று ஆட்சி நம்முடையது, வாக்கும் நம்முடையது. ஆயினும் உப்பு வாங்கும் ஏழையின் காசே கஜானாவுக்கு வருகிறது என்ற நினைவு, செலவிடும் கைக்கு என்றும் வேண்டும்.