செவீயாவின் ஃபிளமெங்கோ அரங்குகள்

செவீயா ஸ்பெயினின் தென்கோடியிலுள்ள அந்தலூசியா மாநிலத்தின் தலைநகர். ஆங்கில வழக்கில் செவில் என்று அறியப்படும் இந்நகரம், பாட்டும் கித்தாரும் ஆட்டமும் கூடிய ஃபிளமெங்கோ கலை வளர்ந்த முக்கிய ஊர்களில் ஒன்று. அக்கலையை இங்கே நேரில் காண ஐந்து வகை இடங்கள் உண்டு: தப்லாவ் எனப்படும் இரவு அரங்கு, சிறிய பண்பாட்டு இல்லம், பென்யா எனப்படும் ரசிகர் சங்கம், மதுக்கடை, பெரிய நாடக அரங்கு. ஒவ்வொன்றும் இக்கலையின் வரலாற்றில் ஒவ்வொரு காலத்தில் தோன்றியது. அதனால் ஒரே பாடகரையும் ஆடுநரையும் கொண்ட குழுகூட இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கும். ஃபிளமெங்கோவை யுனெஸ்கோ 2010 நவம்பர் 16 அன்று மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாள் இப்போது அந்தலூசியாவில் ஃபிளமெங்கோ நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தோற்றமும் திரியானாவும்

ஃபிளமெங்கோ 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் கீழ் அந்தலூசியாவில் உருப்பெற்றது. அந்தலூசிய நாட்டுப்பாடல்களும், ஹித்தானோ எனப்படும் ஸ்பெயின் ரோமாக்களின் பாடும் முறையும் அதில் கலந்துள்ளன. ரோமாக்களின் முன்னோர் வட இந்தியப் பகுதிகளிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு அவர்களுடைய மொழியே சான்று. ஸ்பெயினில் அவர்களைப் பற்றிய முதல் ஆவணம் 1425ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆயினும் ஃபிளமெங்கோவை இந்திய நடனத்தின் நேர் வாரிசு என்பது மிகை. இன்று நாம் காணும் வடிவம் அந்தலூசிய மண்ணிலேயே உருவானது.

செவீயாவில் இக்கலை வேர்விட்ட இடம் திரியானா. குவாடல்கிவிர் ஆற்றின் மேற்குக் கரையில், பழைய நகருக்கு எதிரே இருக்கும் இப்பேட்டையில் குயவர்களும் கொல்லர்களும் மாலுமிகளும் வாழ்ந்தனர். கித்தார் துணையின்றிப் பாடப்படும் மார்தினேத்தே என்ற பாடல் வகை கொல்லர் உலையோடு சேர்த்தே பேசப்படுகிறது. இன்றும் மேடையில் அதற்குச் சுத்தியல், பட்டடைக் கல் ஓசையைத் தாளமாக வைப்பதுண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹித்தானோ குடும்பங்கள் பலவும் திரியானாவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு நகரின் புறப்பகுதிகளில் குடியேற நேர்ந்தது. எனவே இன்று அங்கே போகும் பயணி காண்பது அக்கலை பிறந்த முற்றங்களை அல்ல. அவற்றின் நினைவைச் சுமக்கும் தெருக்களையும், அண்மையில் அமைந்த அரங்குகளையும்தான்.

கஃபேயிலிருந்து தப்லாவ் வரை

வீட்டு விருந்துகளிலும் மதுக்கடைகளிலும் பாடப்பட்ட ஃபிளமெங்கோவை முதலில் கட்டணக் கலையாக்கியவை 'கஃபே காந்தாந்தே' என்ற பாட்டுக் காப்பிக்கடைகள். மேசைகள் நிறைந்த கூடம், ஒரு கோடியில் பலகை மேடை, பானம் வாங்குவோருக்குப் பாட்டும் ஆட்டமும் என்பது அவற்றின் அமைப்பு. செவீயாவில் பிறந்த பாடகர் சில்வேரியோ ஃபிராங்கொனெத்தி 1881இல் ரொசாரியோ தெருவில் தம் பெயரில் திறந்த கஃபே இவற்றுள் புகழ்பெற்றது. அதே 1881இல், அதே நகரில், நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் அந்தோனியோ மச்சாதோ இ ஆல்வாரெஸ் முதல் பெரிய ஃபிளமெங்கோ பாடல் தொகுப்பை வெளியிட்டார். சம்பளம் வாங்கும் தொழிற்கலைஞர் என்ற நிலை இந்தக் கஃபேக்களில்தான் உருவானது. ஆட்டமும் தனிக் கித்தாரும் பாட்டுக்குச் சமமாக வளர்ந்ததும் இங்கேதான்.

1920களில் கஃபேக்கள் மறைந்தன. ஃபிளமெங்கோ பெரிய அரங்குகளுக்கும் காளைப்போர் மைதானங்களுக்கும் இடம்பெயர்ந்தது. 1950களில் கஃபேயின் அமைப்பு வேறு பெயரில் திரும்பி வந்தது. அதுதான் தப்லாவ். பலகையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த இப்பெயர் மேடைத் தளத்தைச் சுட்டுகிறது. முதலில் மத்ரித்தில் பரவிய தப்லாவ்கள், சுற்றுலா பெருகிய 1960களில் செவீயாவிலும் நிலைபெற்றன.

நிகழ்ச்சியின் அமைப்பு

ஒரு ஃபிளமெங்கோ குழுவில் ஓரிரு பாடகர்கள், ஒரு கித்தார் கலைஞர், ஓரிரு ஆடுநர்கள் இருப்பது வழக்கம். பாட்டு 'காந்தே', கித்தார் வாசிப்பு 'தோக்கே', ஆட்டம் 'பாய்லே' எனப்படும். இவற்றோடு 'பால்மாஸ்' எனும் கைத்தாளமும் சேரும். உள்ளங்கையைக் குவித்து மங்கலாகத் தட்டுவது ஒரு வகை. விரல்களை உள்ளங்கையில் அறைந்து கூர்மையாகத் தட்டுவது மற்றொரு வகை. பாடகர் பாடும்போது முதல் வகையும், ஆட்டம் உச்சத்தை எட்டும்போது இரண்டாவதும் கேட்கும். கஹோன் எனும் மரப்பெட்டித் தாளக்கருவி மரபானது போலத் தோன்றினாலும் பெருவிலிருந்து வந்தது. கித்தார் மேதை பாக்கோ தெ லூசியாவின் குழு 1970களின் இறுதியில் அதை ஃபிளமெங்கோவுக்குள் கொண்டுவந்தது.

பாடல் வகைகளுக்கு 'பாலோ' என்று பெயர். சொலேயா, புலேரியா, அலெக்ரியா ஆகியவை 12 தட்டுகள் கொண்ட சுழற்சியில் நடப்பவை. சொலேயாவில் 3, 6, 8, 10, 12 ஆகிய தட்டுகளில் அழுத்தம் விழும். முதல் பாதியில் மும்மூன்றாகவும் பிற்பாதியில் இரண்டிரண்டாகவும் பிரியும் கணக்கு இது. நம் ஆவர்த்தனம் போலச் சுழன்று வந்தாலும், கடைசி அழுத்தம் 12இல் விழுவதால் முதல் தட்டைச் சமமாக எண்ணிப் பழகிய காதுக்கு இது சற்றுத் தடுமாற்றம் தரும். தாங்கோ (அர்ஜென்டினாவின் நடனத்திலிருந்து வேறானது) நான்கு தட்டில் நடப்பதால் எளிதில் பிடிபடும்.

மேடையில் நடப்பதில் பெரும்பகுதி ஒத்திகை பார்த்து அமைத்ததல்ல. எல்லோரும் அறிந்த இலக்கணத்துக்குள் அவ்வப்போது முடிவாவது. ஆடுபவர் காலால் ஓர் அழைப்பு கொடுத்து நிறுத்துவார். உடனே பாடகர் ஒரு செய்யுளைத் தொடங்குவார். பாட்டு நடக்கும்போது ஆடுபவர் கையாலும் உடலாலும் அதைத் தாங்கி நிற்பார். செய்யுள் முடிந்ததும் பாதவேலை மேலெழும். அது வேகம் கூடி மீண்டும் ஓர் அழைப்பில் முடியும். ஆடுபவரை மட்டும் பார்ப்பவருக்கு இந்த உரையாடல் தெரியாது. பாடகர் ஆடுபவரின் பாதத்தையும், கித்தார்காரர் பாடகரின் உதட்டையும் கவனிப்பதைப் பார்த்தால்தான் அது புலப்படும். கடைசியில் அனைவரும் முன்னே வந்து புலேரியாவில் ஆளுக்கொரு சுற்று ஆடி முடிப்பது வழக்கம். கித்தார்காரரும் பாடகரும் ஆடுவதைக் காணும் அரிய கணமும் அதுதான்.

தப்லாவ்கள்

பழைய யூதர் குடியிருப்பான சான்தா குருஸ் பகுதியில், அதே பெயருள்ள சதுக்கத்தில், 1966இல் தொடங்கிய லோஸ் காயோஸ் நகரின் பழமையான தப்லாவ்களில் ஒன்று. சிறிய கூடம், நெருக்கமான இருக்கைகள், மாறிமாறி வரும் பல கலைஞர்கள் என்பது அதன் பாணி. காளைப்போர் அரங்கை ஒட்டிய அரெனால் பகுதியில் எல் அரெனால் தப்லாவ் உள்ளது. ஆடற்கலைஞர் கூரோ வேலெஸ் 1975இல் தொடங்கிய இது பழங்காலக் கட்டடம் ஒன்றில் இயங்குகிறது. இரவு உணவோடு நிகழ்ச்சி காணும் வசதி இங்கே உண்டு. திரியானாவின் புரேசா தெருவில் உள்ள தெயாத்ரோ ஃபிளமெங்கோ திரியானா ஃபிளமெங்கோவுக்கென்றே அமைந்த சிற்றரங்கு.

தப்லாவ் நிகழ்ச்சி பொதுவாக ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒரே மாலையில் இரண்டு காட்சிகள் இருப்பதுண்டு. நுழைவுச்சீட்டு பானத்துடன், சிற்றுண்டியுடன், முழு உணவுடன் எனப் பல படிகளில் விற்கப்படும். உணவோடு வாங்கினால் மேடைக்கு அருகில் மேசை கிடைக்கக்கூடும். ஆனால் தட்டும் கரண்டியும் மோதும் ஓசை பாட்டின் தாழ்ந்த சுரங்களை விழுங்கும். சுற்றுலாப் பயணிகளுக்கானது என்பதாலேயே தப்லாவைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. இரவுதோறும் மேடையேறும் வாய்ப்பைத் தந்து, இளம் கலைஞர்களுக்கு அது தொழிற்பள்ளியாகவே இருந்து வந்திருக்கிறது.

பண்பாட்டு இல்லங்கள்

அண்மைக் காலத்தில் தப்லாவுக்கு மாற்றாக வளர்ந்தவை இவை. உணவு கிடையாது. நிகழ்ச்சி ஏறத்தாழ ஒரு மணி நேரம். கூனா தெருவில், லெப்ரிகா சீமாட்டியின் மாளிகையைச் சேர்ந்த பழைய குதிரை லாயத்தில் இயங்கும் காசா தெ லா மெமோரியா இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. ஒலிபெருக்கி இல்லாமல் பாட்டும் கித்தாரும் நேராகக் காதுக்கு வரும் என்பதே இவ்வில்லங்களின் பெருமை.

செவீயாவில் 1946இல் பிறந்த ஆடற்கலைஞர் கிறிஸ்தினா ஓயோஸ் 2006இல் நிறுவிய ஃபிளமெங்கோ நடன அருங்காட்சியகம் பேராலயத்துக்கு அருகில் உள்ளது. கார்லோஸ் சௌரா இயக்கிய மூன்று ஃபிளமெங்கோ திரைப்படங்களில் அந்தோனியோ காதெசுடன் ஆடி உலகப் புகழ் பெற்றவர் இவர். பகலில் உடைகளும் காணொளிகளும் காட்சிக்கு உண்டு. மாலையில் கட்டடத்தின் நடு முற்றத்தில் நிகழ்ச்சி நடக்கும். முதன்முறை காண்பவர் முதலில் காட்சிக்கூடத்தைச் சுற்றி வந்துவிட்டு முற்றத்தில் அமர்ந்தால் பாலோக்களின் வேறுபாடு எளிதில் விளங்கும்.

பென்யாக்கள்

பென்யா என்பது உறுப்பினர் சந்தாவில் நடக்கும் ரசிகர் சங்கம். 1974இல் தோன்றிய தோரெஸ் மக்கரேனா, பழைய நகரின் வடக்கே மக்கரேனா பகுதியில் உள்ளது. பெரும்பாலான இரவுகளில் உறுப்பினர் அல்லாதோரும் சிறு கட்டணத்தில் அனுமதிக்கப்படுவர். இங்கே முதலிடம் பாட்டுக்கு. ஆட்டமே இல்லாமல், நாற்காலியில் அமர்ந்த ஒரு பாடகரும் ஒரு கித்தார்காரரும் மட்டும் இரவை நடத்துவதும் உண்டு. கூட்டத்தில் பாதிப்பேர் தாமே பாடத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே 'ஓலே' சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நிகழ்ச்சிகள் தினமும் இல்லை. கோடையில் பெரும்பாலும் ஓய்வு. எனவே தேதியை முன்பே விசாரித்துப் போக வேண்டும்.

மதுக்கடைகளும் செவீயானாசும்

சான்தா குருசுக்கு அருகே உள்ள லா கார்போனெரியா, பழைய கரிக்கிடங்கு ஒன்று மதுக்கடையானது. நுழைவுக் கட்டணம் இல்லாமல், பானம் மட்டும் வாங்கி, நீண்ட பெஞ்சுகளில் அமர்ந்து ஃபிளமெங்கோ கேட்கும் இடமாக அது பெயர் பெற்றது. கூட்டமும் பேச்சும் இருக்கும். கலைஞரின் தரம் இரவுக்கு இரவு மாறும்.

திரியானாவின் மதுக்கடைகளில் உள்ளூர்வாசிகள் சேர்ந்து பாடி ஆடுவது பெரும்பாலும் செவீயானாஸ். நான்கு பகுதிகளாக, இணையாக ஆடப்படும் இது ஒரு நாட்டுப்புற ஆட்டம். ஃபிளமெங்கோவின் சாயல் ஏறியிருந்தாலும் அதனோடு ஒன்றல்ல. 1847இல் கால்நடைச் சந்தையாகத் தொடங்கிய ஏப்ரல் திருவிழாவில் நகரமே ஆடுவது இதைத்தான். அந்த வாரத்தில் வரும் பயணி தெருவெங்கும் புள்ளிப் பாவாடைகளைக் காண்பார். ஆனால் தேர்ந்த ஃபிளமெங்கோவுக்கு அரங்குகளைத்தான் நாட வேண்டும்.

பியெனால் விழாவும் பெரிய அரங்குகளும்

1980இல் தொடங்கிய செவீயா ஃபிளமெங்கோ பியெனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டுகளில், செப்டம்பரை ஒட்டி நடக்கும் பெருவிழா. 1991இல் திறந்த மாயெஸ்த்ரான்சா அரங்கும், 1929ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட லோப்பே தெ வேகா அரங்கும் அதன் மேடைகளாகியுள்ளன. மரபை உடைத்துப் புதுக்கும் இஸ்ராயேல் கால்வான் போன்ற செவீயக் கலைஞர்களின் முழுநீளப் படைப்புகளைக் காண இதுவே தக்க வாய்ப்பு. பின்வரிசையில் அமர்ந்தால் பாதத்தின் நுட்பம் தெரியாது என்பது பெரிய அரங்கின் குறை. ஒளியமைப்பும் குழு அசைவும் ஒரு கதையாக விரிவது அதன் நிறை.

அரங்க ஒழுக்கம்

ஃபிளமெங்கோ அரங்கில் அமைதியும் ஆரவாரமும் இரண்டுமே மரியாதைதான். 'ஹலேயோ' எனப்படும் உற்சாகக் குரல், நம் கச்சேரியின் 'பலே', 'சபாஷ்' போல, ஓர் அடி சரியாக வந்து விழும்போது எழ வேண்டியது. பாடகர் வாய் திறக்கும் கணத்தில் அது கூடாது. பார்வையாளர் தாமாகக் கைதட்டித் தாளம் போடுவதைத் தவிர்க்க வேண்டும். 12 தட்டுக் கணக்கில் ஒரு தட்டு தவறினாலும் மேடைக்கு இடைஞ்சல். பல இல்லங்களில் படம் எடுப்பதற்குக் கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே அனுமதி.

தேர்வு

ஆட்டத்தை விரும்புவோர் தப்லாவில் முன்வரிசையைக் கேட்டு வாங்கலாம். மேடை உயரமாக இருந்தால் இரண்டாம் வரிசையிலிருந்து பாதம் இன்னும் நன்றாகத் தெரியும். இசையை விரும்புவோருக்கு ஒலிபெருக்கியற்ற சிறு முற்றம் ஏற்றது. ஏற்கெனவே ஓரளவு கேட்டுப் பழகியவர்களுக்குப் பென்யா. சிறு அரங்குகளில் இருக்கைகள் குறைவு என்பதால் வசந்த காலத்திலும் புனித வாரத்திலும் முன்பதிவு செய்வது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது இயல்பு. அப்போது பின்னிரவுக் காட்சியே வசதி.

ஒரே இரவு மட்டும் தங்குபவர் உணவில்லாத சிறு இல்லம் ஒன்றைத் தேர்ந்து, சாப்பாட்டை நிகழ்ச்சிக்குப் பின் வைத்துக்கொள்வதே சிறந்தது. இந்நகரில் இரவு உணவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் தொடங்கும்.