உந்துவண்டித் தொழிலின் முன்னோடி ஜி.டி. நாயுடு

இருபதாம் நூற்றாண்டுத் தமிழக வரலாற்றை எழுதப் புகுவோர் அரசியல் தலைவர்களையும் புலவர் பெருமக்களையும் விரித்துப் பேசுவர். தொழில் முனைந்தோர் வரலாறோ பெரும்பாலும் துணுக்குச் செய்திகளாகவே நின்றுவிடுகின்றது. கோவை ஜி.டி. நாயுடுவும் அவ்வாறு துணுக்குகளுள் அடங்கிப் போனவரே. அவர்தம் விந்தைச் செயல்களை வியக்கும் நாம், அவர் வாழ்வு எழுப்பும் வினாக்களை எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளிக் கல்வி வாய்க்காத ஒருவர் தொழில்நுட்பத்தை எவ்வாறு கைக்கொண்டார்? அத்திறனை நாடு எந்த அளவு பயன்கொண்டது? இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

இளமையும் முயற்சியும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தார். தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. ஆங்கிலேய அலுவலர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்கும் பொருட்டுக் கோவையில் உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்ந்ததோடு அமையாது, உறுப்பு உறுப்பாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற பொறியியற் கல்லூரி அதுவே எனலாம்.

பின்னர்ப் பருத்தித் தொழிலில் ஈடுபட்டு, ஈட்டிய பொருளை இழந்தார். அந்நிலையிலும் தளராது, ஸ்டேன்ஸ் நிறுவனத்தாரின் துணையுடன் 1920இல் பேருந்து ஒன்றை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். வள்ளுவர் 'ஆள்வினையுடைமை' என ஓர் அதிகாரமே வகுத்தமைக்கு இத்தகையோர் வாழ்வே விளக்கமாகும்.

பேருந்தும் காலமும்

அக்காலப் போக்குவரத்து நிலையைப் புதுவை மக்கள் எளிதில் உணர்வர். விழுப்புரத்திலிருந்து 1879இலேயே இங்குப் புகைவண்டி வந்தது. எனினும், நகர வீதிகளில் மனிதரை மனிதரே தள்ளிச் செல்லும் புஷ் வண்டி நெடுங்காலம் வழங்கிற்று. இருப்புப்பாதை எட்டாத ஊர்களுக்கு மாட்டுவண்டியே கதி. இவ்விடைவெளியை நிரப்பியது பேருந்து. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரும் கோவையில் நாயுடுவும் இத்துறையில் முன்னின்றனர். ஒற்றை வண்டியில் தொடங்கிய நாயுடுவின் 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' பெருநிறுவனமாக வளர்ந்தது. குறித்த நேரத்தில் வண்டி புறப்படும் என்னும் நம்பிக்கையே அதன் மூலதனம். பொழுதைக் கதிரவனைக் கொண்டு கணித்த சிற்றூர்களுக்குக் கடிகார ஒழுங்கைக் கொண்டு சேர்த்ததில் பேருந்துக்கும் பங்குண்டு.

பட்டறையும் உரிமமும்

பழுது பார்த்த பட்டறையிலிருந்தே ஆக்கம் பிறந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாராகக் குறிக்கப்பெறுகின்றது. மின் சவரக்கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு இயந்திரம் என அவர் ஆக்கங்கள் பல.

இவற்றுள் எண்ணத்தக்கது 1952இல் உருவான, இருவர் அமரும் பெட்ரோல் கார். அதன் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். ஆயினும் அரசின் உரிமம் கிட்டாமையால் உற்பத்தி நின்றது. 1951ஆம் ஆண்டுத் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் உரிமத்தை இன்றியமையாததாக்கியிருந்த காலம் அது. அரிதாகக் கிடைத்த எஃகையும் அந்நியச் செலாவணியையும் பங்கிட வேண்டிய பொறுப்பு அரசுக்கு இருந்தது உண்மையே. எனினும், நடுத்தரக் குடும்பத்தார்க்கென மாருதி சிற்றுந்து வருவதற்கு 1983 வரை நாடு காத்திருந்தமையை நோக்கினால் இழப்பின் அளவு புலனாகும்.

கல்விப் பணி

தமக்கு வாய்க்காத கல்வியைப் பிறர்க்கு வழங்க விழைந்து, அந்நாள் சென்னை மாகாண ஆளுநர் பெயரால் 1945இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியைத் தோற்றுவித்தார். நெடிய பாடத்திட்டம் காலத்தை வீணாக்கும், செய்முறையை முதன்மையாகக் கொண்ட குறுகிய பயிற்சியே போதும் என்பது அவர் கொள்கை. அதனை அரசு ஏற்காமையால் அவர் விலக நேர்ந்தது. அக்கல்லூரியே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

நிறைவுரை

1974 சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். 2025இல் திறக்கப்பெற்ற கோவை அவிநாசிச் சாலை மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பெயர் சூட்டல் போற்றற்குரியதே. அதனினும் மேலான நன்றிக்கடன் ஒன்றுண்டு. கையால் செய்து கற்கும் பிள்ளையைப் படிப்பில் பின்தங்கியவன் எனத் தள்ளாதிருத்தலே அது. வகுப்பறையில் நிற்கும் நம்மனோர் இதனை முதலில் உணர்தல் வேண்டும்.