மோர்க்குழம்பு திரியாம வைக்கத் தெரியுமா? அப்போ ரோம் நகரத்து ‘காச்சோ எ பெப்பே’ பாஸ்தா உங்களுக்கு ஈஸி!

திருவண்ணாமலை செங்கம் ரோடு பக்கம் போனவங்களுக்குத் தெரியும். ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர்களுக்காக அங்கே இருக்கிற கஃபேக்களில் இட்லி, தோசையோடு பீட்சா, பாஸ்தாவும் கிடைக்கும். ஆனால் இத்தாலியில் ரொம்ப எளிமையானது என்று பெயர் வாங்கிய ஒரு பாஸ்தாவை வீட்டிலேயே செய்யலாம். பெயர் ‘காச்சோ எ பெப்பே’. சீஸும் மிளகும் என்று அர்த்தம். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, க்ரீம் இல்லை. பாஸ்தா, சீஸ், மிளகு, வேகவைத்த தண்ணீர், அவ்வளவுதான்.

எளிமை என்று நம்பி இறங்கினால்தான் சிக்கல். விலை கொடுத்து வாங்கிய சீஸ் சூடான பாஸ்தாவில் பட்டதும் ரப்பர் மாதிரி உருண்டுவிடும், தண்ணீர் தனியாக நிற்கும். இத்தாலியர்களுக்கே இது தலைவலி. அதனால் இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை ஆய்வு செய்து, 2025-ல் ‘ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ இதழில் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அவர்களுக்கு இயற்பியலுக்கான ‘இக் நோபல்’ பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, அப்புறம் யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு இது.

சீஸ் ஏன் திரிகிறது?

சீஸில் இருக்கும் புரதம் அதிக சூடு பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுமார் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆபத்து. அதைத் தடுப்பது மாவுச்சத்து. சீஸ் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக மாவுச்சத்து இருந்தால் கட்டி தட்டும். 2 முதல் 3 சதவீதம் இருந்தால் சாஸ் வழவழவென்று வரும். 4-ஐத் தாண்டினால் ஆறியதும் கஞ்சி மாதிரி இறுகிவிடும்.

நம்ம வீட்டு மோர்க்குழம்பை யோசித்துப் பாருங்கள். மோர் திரியக்கூடாது என்று ஊறவைத்த அரிசி, துவரம்பருப்பை அரைத்து ஊற்றுகிறோம், இல்லையென்றால் கடலை மாவு கரைத்து விடுகிறோம். நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம், கொதிக்க விடுவதில்லை. மாவுச்சத்து, மிதமான சூடு. ரோம்காரர்கள் படும் பாட்டுக்கும் இதுதான் மருந்து.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

கோயில் ஊரில் இதை முதலில் சொல்லியாக வேண்டும். இந்தப் பாஸ்தாவுக்கு ரோமில் போடுவது ‘பெக்கொரினோ ரொமானோ’ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ். பால் பொருள்தானே என்று நினைக்காதீர்கள். அதை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ‘ரென்னெட்’ சேர்க்கிறார்கள். பார்மேசானில் கன்றுக்குட்டியுடையது. எனவே அசல் பெக்கொரினோ சைவம் இல்லை.

நுண்ணுயிரியிலிருந்து எடுத்த ரென்னெட் போட்டு, பார்மேசான் மாதிரி இந்தியாவிலேயே செய்யும் கெட்டி சீஸ் கிடைக்கிறது. பாக்கெட்டில் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஆரோவில்லில் ‘லா ஃபெர்ம்’ என்ற பண்ணையில் சீஸ் செய்கிறார்கள். புதுச்சேரி பக்கம் போகிறவர்கள் எந்த ரென்னெட் என்று கேட்டு வாங்கலாம்.

மோஸரெல்லா வேண்டவே வேண்டாம், நூல் நூலாக இழுக்கும். கடையில் கிடைக்கும் ப்ராசஸ்டு சீஸ் கட்டி திரியாது, அதில் அதற்கான உப்புகளை ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். ஆனால் ருசி வேறு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ரோம்காரர் பார்த்தால் சண்டைக்கு வருவார்.

எப்படி செய்வது?

நன்றாகச் சாப்பிடும் 2 பேருக்கு: ஸ்பகெட்டி 240 கிராம், துருவிய கெட்டி சீஸ் 160 கிராம், கார்ன்ஃப்ளார் 4 கிராம் (சுமார் ஒன்றரை டீஸ்பூன்), தண்ணீர் 40 மில்லி, மிளகு 1 டீஸ்பூன். கார்ன்ஃப்ளார் என்பது வெள்ளையாக நறநறவென்று இருக்குமே, அது. மஞ்சள் மக்காச்சோள மாவு இல்லை.

மிளகை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, இடிகல்லில் ஒன்றிரண்டாக இடியுங்கள். பொடி பாக்கெட் வேண்டாம், இந்தப் பாஸ்தாவில் பாதி ருசி மிளகுதான். கொல்லிமலை மிளகு கிடைத்தால் இன்னும் நல்லது. (யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தி அகநானூறு 149-ஆம் பாடலில் இருக்கிறது. ஆக, ரோமுக்கு மிளகு நாம் அனுப்பிய சரக்குதான்.)

கார்ன்ஃப்ளாரை 40 மில்லி தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல் கெட்டியாகும்வரை கிண்டி இறக்குங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் சீஸ் துருவலோடு மிக்ஸியில் போட்டு இரண்டு சுற்று விடுங்கள். ரொம்பக் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் விடலாம். பசை மாதிரி வந்ததும் மிளகைக் கலந்து வையுங்கள்.

பாஸ்தாவை வேகவைக்கும்போது உப்பு பாதியாகப் போடுங்கள், சீஸே நல்ல உப்பு. வடிக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

இனிதான் முக்கியம். அடுப்பை அணைத்துவிடுங்கள். வடித்த பாஸ்தாவை ஒரு பாத்திரத்தில் கொட்டி 2 நிமிடம் ஆவி அடங்க விடுங்கள். அப்புறம் சீஸ் விழுதைப் போட்டு, எடுத்து வைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு வேகமாகக் கிளறுங்கள். ஒவ்வொரு இழையிலும் சாஸ் ஒட்டிக்கொண்டு, தட்டில் கொஞ்சமாக வழிகிற பதம்தான் சரி.

மேலே இன்னும் கொஞ்சம் மிளகு தூவி உடனே சாப்பிட்டுவிடுங்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் ஆறி இறுகிவிட்டால், திரும்ப அடுப்பில் ஏற்ற வேண்டாம். ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் இளகிவிடும்.