நிறமூர்த்தத்தை உடைப்பது எது? தோட்டத்தில் கேட்ட ஒரு கேள்வி

இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைக்கு அப்பால் உள்ள தோட்டமொன்றில் நடந்த போதைப்பொருள் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். கஞ்சா, ஹெரோயின், ஐஸ் என்று வரிசையாகப் பேசிய வளவாளர், கடைசியில் ‘ஸ்டாம்ப்’ எனப்படும் எல்.எஸ்.டி.க்கு வந்தார். “ஒரு தடவை நாக்கில் வைத்தாலே நிறமூர்த்தம் உடையும். ஏழு தலைமுறைக்கும் பிள்ளைகள் ஊனமாகப் பிறக்கும்” என்றார். மண்டபமே அமைதியானது.

கூட்டம் முடிந்ததும் ஓர் இளைஞர் தயங்கியபடி வந்தார். தென்கரையோர விடுதி ஒன்றில் வேலை செய்தபோது, தங்கியிருந்த வெளிநாட்டவர் கொடுத்த கடதாசித் துண்டை ஒருமுறை நாக்கில் வைத்திருக்கிறார். அது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. இப்போது திருமணமாகி, மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. “பிள்ளைக்கு ஏதும் ஆகுமா அக்கா? வீட்டுல யார்கிட்டயும் சொல்லல” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்வதாகக் கூறி, தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டேன். தேடியதில் கிடைத்தது இதுதான்.

அச்சம் பிறந்த கதை

எல்.எஸ்.டி.யை 1938இல் சுவிட்சர்லாந்தின் சண்டோஸ் நிறுவனத்தில் அல்பர்ட் ஹொஃப்மன் உருவாக்கினார். அது மனதைக் குழப்பும் என்பதை 1943இல்தான் கண்டுகொண்டார். நிறமூர்த்தக் கதை தொடங்கியது 1967 மார்ச்சில். மைமன் கோஹனும் அவரது குழுவினரும் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனித வெண்குருதிக் கலங்களைக் குழாயில் வளர்த்து எல்.எஸ்.டி. சேர்த்தபோது நிறமூர்த்தங்கள் வழமையை விட அதிகமாக உடைந்தன என்றார்கள். சிகிச்சையாக 15 தடவைகள் எல்.எஸ்.டி. பெற்ற மனநோயாளி ஒருவரின் இரத்தத்திலும் உடைவுகள் கூடுதலாக இருந்தன. பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஊனமுற்ற குழந்தைகள் பற்றிய அச்சம் உலகெங்கும் பரவியது.

அந்த ஆய்வில் இரண்டு பலவீனங்கள் இருந்தன. குழாயில் இருக்கும் கலத்துக்கு ஈரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. உடலுக்குள் போகும் பொருளை இவை மாற்றி வெளியேற்றுகின்றன. குழாயில் அது கலத்தோடு பல மணி நேரம் அப்படியே கிடக்கும். அடுத்து, ஒரே ஒரு நோயாளியை வைத்து முடிவு சொல்ல முடியாது. அவர் வேறு மருந்துகளையும் எடுத்து வந்தவர்.

1969இல் ஜோ ஹின் சியோவின் குழு வேறு வழியில் பார்த்தது. மனிதருக்கு 46 நிறமூர்த்தங்கள் என்பதைக் கண்டறிந்த அதே சியோதான். தூய எல்.எஸ்.டி. கொடுக்கப்பட்டவர்களின் இரத்தத்தை, கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

1971இல் டிஷொட்ஸ்கியும் சகாக்களும், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அதே ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார்கள். தூய எல்.எஸ்.டி. பெற்ற 126 பேரில் 18 பேருக்கே உடைவுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தெருவில் வாங்கிப் பாவித்த 184 பேரிலோ 89 பேருக்கு. தெருச் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அதைப் பாவிப்பவர்கள் பெரும்பாலும் வேறு போதைப்பொருட்களையும் பாவிப்பவர்கள். மிதமான அளவில் தூய எல்.எஸ்.டி. மனித உடலில் நிறமூர்த்தங்களைச் சேதப்படுத்துவதில்லை என்பதே அவர்களது முடிவு.

இன்னொன்றும் உண்டு. வெண்குருதிக் கலத்தில் ஏற்படும் உடைவு பிள்ளைக்குப் போகாது. அந்தக் கலம் அழிந்து புதியது வரும். பிள்ளைக்குப் போக வேண்டுமானால் விந்திலோ முட்டையிலோ சேதம் நடக்க வேண்டும். எக்ஸ்-கதிரும் சில வைரசுத் தொற்றுகளும்கூட இரத்தக் கலங்களில் உடைவை ஏற்படுத்துகின்றன.

இதற்காக எல்.எஸ்.டி. பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடும் பீதியும் மனக்குழப்பமும் வரலாம். குடும்பத்தில் மனநோய் இருந்தால் ஆபத்து அதிகம். ‘ஸ்டாம்ப்’ என்று விற்கப்படுவதில் உயிரைப் பறித்த வேறு இரசாயனங்களும் இருந்திருக்கின்றன. கர்ப்பிணிகள் எந்தப் போதைப்பொருளையும் தொடக்கூடாது. ஆனால் பொய்யான காரணத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால், அது பொய் என்று தெரியவரும் நாளில் பிள்ளைகள் உண்மையான எச்சரிக்கையையும் நம்பமாட்டார்கள்.

கொட்டப்பெட்டிக்குள் இருப்பது

அந்த மண்டபத்தில் என் பக்கத்தில் இருந்த அம்மா, உரை முழுவதும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கொழுந்து பறிக்கப் போனாலும் பால் வெட்டப் போனாலும் மடியில் அந்தக் கொட்டப்பெட்டி இருக்கும். பசியை அடக்க, மலைக் குளிரைத் தாங்க, களைப்பை மறக்க அது வேண்டும். அதைப் பற்றி வளவாளர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நிறமூர்த்தச் சேதத்துக்கு உறுதியான சான்று இருப்பது அங்கேதான். 1990களின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் உள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், பாக்கு மெல்பவர்களையும் மெல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். மெல்பவர்களின் இரத்தக் கலங்களில் நிறமூர்த்தக் கோளாறுகள் அதிகம். கன்னத்தின் உட்பக்கக் கலங்களில், கருவுக்கு வெளியே சிதறிய சிறு துண்டுகளும் அதிகம். புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் மென்றவர்களிடமும் இதுவே தெரிந்தது. பாக்கிலுள்ள அரிக்கோலின் போன்ற பொருட்களும், சுண்ணாம்போடு சேரும்போது உருவாகும் தீவிர ஒட்சிசன் மூலக்கூறுகளும் கலத்தின் டி.என்.ஏ.யைத் தாக்குகின்றன. புகையிலை சேர்ந்தால் அதன் நைத்திரோசமைன்களும் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், 2004இல் வெளியிட்ட அறிக்கையில், பாக்கை மனிதருக்கு நிச்சயமாகப் புற்றுநோய் தரும் முதலாம் வகுப்பில் சேர்த்தது.

சபரகமுவவில் இது வெறும் ஆய்வுகூடக் கதை அல்ல. 2006–2007இல் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் 30 வயதைத் தாண்டிய 1,029 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குப் புற்றுநோயாக மாறக்கூடிய வாய் மாற்றங்கள் இருந்தன. முக்கிய காரணமாக வெற்றிலை மெல்லுதல் தெரிந்தது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே.

இந்த மாற்றங்களை ஆரம்பத்திலேயே கண்ணால் காணலாம். வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாயை முன்புபோலத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பரிசோதனை இலவசம். ஆனால் போய்வர ஒருநாள் பேர் போகும் என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் நினைத்தால், பரிசோதனையை மாதம் ஒருமுறை பிரட்டுக்களத்துக்கே கொண்டுவரலாம்.

அந்த இளைஞரை அழைத்துச் சொன்னேன்: நீங்கள் ஒருமுறை நாக்கில் வைத்ததால் பிள்ளை ஊனமாகும் என்பதற்குச் சான்று இல்லை. மனைவியைத் தவறாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், மனது ஆறாவிட்டால் வைத்தியரிடம் மறைக்காமல் கேளுங்கள். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, “எங்கம்மாவுக்குக் குழம்பு பட்டா வாய் எரியுதுன்னு சொல்றாங்க அக்கா. வெத்தலதான் காரணமா?” என்று கேட்டார்.

அந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொன்னேன்.