நெட்டலைகளும் வன்னியின் நிசப்தமும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் களப்பின் கரையில் அமைந்த பழம்பெரும் ஊர் வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலின்போது அங்குள்ள கண்ணகி அம்மன் ஆலயத்திலே கடல் நீரில் விளக்கெரியும் காட்சியைக் காண, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அடியார்கள் திரள்வர். பறையும் மணியும் ஒலிபெருக்கியும் கூடி முழங்கும் அந்த இரவு கழிந்தபின், ஊர் மீண்டும் தன் இயல்பான அமைதிக்குத் திரும்பிவிடும். களப்பின் நீரோசையும் நீர்ப்பறவைகளின் குரலுமே பின்னர் எஞ்சியிருக்கும்.

ஆனால் அந்த அமைதிக்குள்ளே, மனிதச் செவிக்கு எட்டாத மற்றோர் ஆரவாரம் ஓயாது நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. எங்கோ ஒரு தேசத்தில் மின்னல் வெட்டுகின்றது. எங்கோ ஒரு கம்பம் கடலுக்குள் மறைந்திருக்கும் கப்பலுக்குச் செய்தி விடுக்கின்றது. இவற்றிலிருந்து புறப்படும் அலைகள் வற்றாப்பளையின் வயல்களையும் தென்னஞ்சோலைகளையும் கடந்து செல்கின்றன. மிகத் தாழ்ந்த மீடிறன் கொண்ட மின்காந்த அலைகள் இவை. மீடிறன் என்பது ஓர் அலை செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கின்றது என்னும் கணக்கு. 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையான இந்த வரிசையில் ஓர் அலையின் நீளம் 100 கிலோமீற்றரிலிருந்து 10 கிலோமீற்றர் வரை இருக்கும். நெட்டலைகளுள் மிக நெடியவை இவையே எனலாம்.

இவற்றை முதலில் கேட்டவர்கள் வேறெதையோ தேடியவர்கள். முதலாம் உலகப் போரின்போது, எதிரியின் தொலைபேசி உரையாடலை ஒற்றுக் கேட்பதற்காக நிலத்தில் இரு கம்பிகளைப் புதைத்து, அவற்றை ஒலிபெருக்கும் கருவியோடு இணைத்தனர் ஜெர்மானியர். உரையாடலுக்குப் பதிலாக, உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாகத் தாழ்ந்து மறையும் சீழ்க்கையொலியே சில வேளைகளில் கேட்டது. பார்க்ஹவுசன் என்னும் பௌதிக அறிஞர் 1919 இல் இதுபற்றி எழுதினார். அதன் காரணத்தைத் தெளிவாக விளக்க 1953 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மின்னலில் பிறந்த அலை, பூமியின் காந்தப் புலக் கோடுகளைப் பற்றிக்கொண்டு விண்வெளிவரை சென்று மறு அரைக்கோளத்தில் இறங்குகின்றது என்றும், நெடும் பயணத்தில் உயர்ந்த மீடிறன் முந்தித் தாழ்ந்தது பிந்துவதால் சீழ்க்கை எழுகின்றது என்றும் கேம்பிறிட்ஜில் ஆராய்ந்த ஸ்ரோறி காட்டினார்.

காந்த நடுக்கோட்டை அண்மித்திருக்கும் நம் பிரதேசத்தில் அந்தச் சீழ்க்கை அரிதானது. அதற்கு ஈடாக இரவில் வேறோர் ஒலி உண்டு. நிலத்துக்கும் அயனமண்டலத்துக்கும் இடையே ஒரு குழாய்க்குள் செல்வதுபோல் மின்னலின் அலை நெடுந்தூரம் ஓடி வரும்போது, ஏறத்தாழ 1.7 கிலோஹெர்ட்ஸை அண்மிக்கும் பகுதி பின்தங்குகின்றது. அதனால் வெறும் வெடிப்பொலி, குருவிக் குஞ்சின் கீச்சொலிபோல மாறி ஒலிக்கின்றது. உலகெங்கும் செக்கனுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட மின்னல்கள் வெட்டுவதாகச் செய்மதிகளின் அவதானம் கூறுகின்றது. ஆதலால் இந்த ஒலிக்குப் பஞ்சமில்லை.

இயற்கையின் குரலுக்கு அடுத்தபடியாக மனிதனின் குரலும் இவ்வலைகளில் ஏறிற்று. 1920 களின் தொடக்கத்தில், தூரத்தை வெல்ல வேண்டுமாயின் அலை நீண்டிருக்க வேண்டும் என்பதே பொறியியலாளரின் நம்பிக்கை. சுவீடனில் கிறிமெற்றன் என்னுமிடத்தில், 127 மீற்றர் உயரமான ஆறு கோபுரங்களுடன், 1924 இல் ஒரு பெரு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அங்கே அலைகளைப் பிறப்பித்தது வெறும் சுழல் இயந்திரமேயாகும். அமெரிக்காவோடு தந்தித் தொடர்புக்காக நிறுவப்பட்ட அந்த நிலையம் இன்று உலக மரபுச் சொத்து. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தையொட்டிய ஒரு ஞாயிறன்றும், நத்தாருக்கு முதல் நாள் காலையிலும் 17.2 கிலோஹெர்ட்ஸில் அதன் பழைய இயந்திரம் இயக்கப்படுவது வழக்கம். உலகின் பல பாகங்களில் உள்ள வானொலி ஆர்வலர்கள் அதற்காகக் காத்திருப்பர்.

அந்த ஆர்வலர்களின் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. 1912 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், பயனற்றவை என்று கருதப்பட்ட 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளையே அவர்களுக்கு ஒதுக்கிற்று. ஒதுக்கப்பட்டவர்களோ, அந்தச் சிற்றலைகளைக் கொண்டு 1923 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளையும் இணைத்துக் காட்டினர். அதன்பின் அரசுகளும் வணிக நிறுவனங்களும் சிற்றலைக்கு விரைந்தன. நெட்டலை மங்கிற்று.

எனினும் அது முற்றாக மறையாமைக்குக் காரணம் கடல். சிற்றலை கடல் நீரின் மேற்பரப்பிலேயே மடிந்துவிடும். மிகத் தாழ்ந்த மீடிறன் கொண்ட அலையோ சில பத்து மீற்றர் ஆழம்வரை ஊடுருவும். ஆகவே நீர்மூழ்கிக் கப்பல்களுக்குக் கட்டளையிட விரும்பிய தேசங்கள் நெட்டலையைக் கைவிடவில்லை. நீர்மூழ்கிக்கும் நம் நாட்டு வானொலிக்குமே ஒரு பழைய உறவு உண்டு. எட்வேர்ட் ஹாப்பரின் முயற்சியால் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பு நடந்தபோது, கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே தந்தி இலாகாவின் பொறியியலாளர் ஒலிபரப்பியை அமைத்தனர் என்பது இலங்கை வானொலியின் ஆரம்ப வரலாறு. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று.

தமிழகத்தின் திருநெல்வேலிச் சீமையில், விஜயநாராயணம் என்னும் ஊருக்கருகே, இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் 1990 அக்டோபர் 20 இல் பணிக்கு விடப்பட்டது. அதன் 18.2 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞை, மன்னார்க் குடாவைக் கடந்து சுமார் 350 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வற்றாப்பளைக்கு வலிமையோடு வந்து சேரும். அதில் அடங்கிய செய்தி கடற்படைக்குரியது. அதன் வலிமை ஏறுவதும் இறங்குவதுமோ அறிவியலுக்கு உரியது. சூரியனில் பெருஞ்சுடர் எழுந்தாலும், பொழுது புலர்ந்தாலும் சாய்ந்தாலும், அயனமண்டலத்தின் அடித்தட்டு மாற, சமிக்ஞையும் மாறும்.

2009 ஜூலை 22 இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, கொல்கத்தாவின் இந்திய விண்வெளிப் பௌதிக நிலையத்தினர் இந்தியாவின் பல இடங்களில் வாங்கிகளை வைத்து இந்தச் சமிக்ஞையை அளந்தனர். அதே அலை வன்னியின் மேலாகவும் சென்றது. அன்று வற்றாப்பளையில் அதைக் கேட்பதற்கு ஆளில்லை. இறுதிப் போர் முடிந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. நந்திக்கடலைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் வவுனியாவின் மெனிக் பாம் முகாம்களில் இருந்தனர். வீடுகளும் வயல்களும் வெறுமையாய்க் கிடந்தன.

அதற்கு முந்திய இரு தசாப்தங்களிலும் வானொலி என்பது வன்னி மக்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. தேசிய மின்வலையமைப்பின் மின்சாரம் இல்லை. பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. வடபகுதியின் பல வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னோட்டத்தில் வானொலி பேசிற்று. மற்றவர்கள் அதைச் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் குரலும் தளரும். மெல்லிய குரலொன்றுக்காக மூச்சடக்கிக் காத்திருக்கும் கலையை இந்த மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இங்கே காலத்தின் ஒரு முரண் புலப்படுகின்றது. நெட்டலை கேட்பதற்குப் பெரும் பகை வீட்டு மின்சாரத்தின் இரைச்சல். 50 ஹெர்ட்ஸில் ஓடும் மின்னோட்டம் 100, 150, 200 என்று தன் மடங்குகள் யாவற்றிலும் முரலும். மின்கம்பி இல்லாத அந்த ஆண்டுகளில், மின்காந்த முறையில் வன்னி மிகவும் நிசப்தமான நிலமாக இருந்திருக்க வேண்டும். கேட்கத்தக்க நிசப்தம் இருந்தபோது கருவி இல்லை, அச்சம் இருந்தது. இன்று கணினியும் மின்விளக்கும் வந்துவிட்டன. அவற்றோடு இரைச்சலும் வந்தது. இருளைத் திரும்ப அழைக்க எவரும் விரும்பார். ஆகவே நிசப்தத்தை இனி முயன்று தேடிக்கொள்ள வேண்டும்.

அம்முயற்சியின் பாதி கணினியின் செய்நிரலில் நடைபெறுகின்றது. 8.3 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே சர்வதேச ஒதுக்கீடு எதுவும் இல்லாமையால், ஐரோப்பிய, அமெரிக்க ஆர்வலர் சிலர் 8270 ஹெர்ட்ஸை அண்டிப் பரிசோதனை நடத்துகின்றனர். அந்த அலையின் நீளம் 36 கிலோமீற்றருக்கு மேல். பட்டத்தில் கட்டிய கம்பியோ நூறு மீற்றர்தான் எட்டும். ஆதலின் வானில் பரவும் வலு வாற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கையோ, அதனிலும் குறைந்ததையோதான் எட்டுகின்றது. அத்தகைய சமிக்ஞைகள் அத்திலாந்திக்கைக் கடந்தும் கண்டறியப்பட்டுள்ளன. இதனைச் சாதித்தது பெரிய இயந்திரமன்று, பொறுமையான கணக்கே.

கணினியின் ஒலி அட்டை செக்கனுக்கு 48,000 தடவை மாதிரி எடுத்தால், 24 கிலோஹெர்ட்ஸ் வரையான அலைகளை நேரடியாகப் பதிவு செய்யலாம். கம்பி ஏரியலும் சிறிய முன்பெருக்கியும் இருந்தால் தனி வானொலிப் பெட்டி தேவையில்லை. முதலில், பேச்சுக்கென்று கணினி தானாகச் செய்யும் ஒலிச் சீராக்கத்தையும் இரைச்சல் நீக்கத்தையும் நிறுத்திவிட வேண்டும். அவை மெல்லிய சமிக்ஞையையே இரைச்சலென்று கருதி அழித்துவிடும். அடுத்து, அருகில் வெட்டும் மின்னலும் உச்சவரம்பைத் தாண்டாதபடி உள்ளீட்டின் மட்டத்தை அமைத்தல் வேண்டும். மின்னலின் வெடிப்புகள் வரும் நொடிப்பகுதிகளை வெறுமையாக்கி, 50 ஹெர்ட்ஸின் மடங்குகளைச் சீப்பின் பற்கள் போன்ற வடிகட்டியால் நீக்குவது அதன்பின்னரே.

சாரமான வேலை இனித்தான் தொடங்குகின்றது. ஒரு ஹெர்ட்ஸ் அகலமுள்ள வாசலில் நுழையும் இரைச்சலில் நூறில் ஒரு பங்கே, அதன் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள வாசலில் நுழையும். நிலையான சமிக்ஞையோ குறையாது வரும். ஆனால் வாசலை அவ்வளவு ஒடுக்க, ஒவ்வொரு அளவீட்டுக்கும் நூறு செக்கன் காத்திருக்க வேண்டும். காலத்தைக் கொடுத்துத் தெளிவைப் பெறும் பண்டமாற்று இது.

அதற்குக் கடிகாரம் திருந்தியிருத்தல் வேண்டும். சாதாரண ஒலி அட்டை பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழைத்தாலும், 8270 ஹெர்ட்ஸில் அது 0.165 ஹெர்ட்ஸ் பிறழ்வாகும். ஒடுங்கிய வாசலுக்கு வெளியே சமிக்ஞை விழுந்துவிடும். இதனால் செய்மதி வழிகாட்டியின் செக்கன் துடிப்பைக் கணினிக்குக் கொடுத்து, பதிவைச் சரிசெய்வர். எல்லாம் முறையாக உள்ளதா என்று சோதிக்க, வற்றாப்பளைக்கு விஜயநாராயணமே அயலிலுள்ள உரைகல். 18.2 கிலோஹெர்ட்ஸில் அது தெரியாவிடின், பழுது தன் கருவியில் இருக்கக்கூடும் என்று கேட்பவர் ஐயுறலாம்.

இறுதியாக, கேட்பவருக்கு வேண்டியது நேர்மை. திரையில் ஒரு மெல்லிய கோடு தோன்றியதும் மகிழ்ந்துவிடலாகாது. 8250 என்பது 50 இன் 165 ஆவது மடங்கு. வீட்டு மின்சாரமே தூரதேசத்துக் குரலாக வேடம் தரிக்கக் கூடும். மின்மாற்றியையும் விளக்கையும் அணைத்துப் பார்க்க வேண்டும். அனுப்புநர் முன்னர் அறிவித்த வேளையில் மட்டும் கோடு தோன்றி, அவர் நிறுத்தியதும் மறைகின்றதா என்று ஒப்புநோக்க வேண்டும். இவற்றில் தேறாததைக் கேட்டதாகச் சொல்லாதிருப்பதே இத்துறையின் அறம்.

நெட்டலையின் நூறாண்டு வரலாறு போருக்கும் வணிகத்துக்கும் அறிவுக்கும் மாறிமாறித் துணைநின்றிருக்கின்றது. அதைக் கேட்பதற்குரிய கருவி இன்று பாடசாலை மாணவன் ஒருவனின் கணினிக்குள் அடங்கிவிட்டது. மின்கம்பத்திலிருந்து விலகி, பற்றறியில் இயங்கும் கணினியோடும் சில மீற்றர் கம்பியோடும் களப்பின் கரைக்கு அவன் ஓர் இரவு செல்வானாயின், அவனுடைய முன்னோர் சைக்கிள் டைனமோவின் வெளிச்சமற்ற முற்றத்தில் பயின்ற அந்தக் கவனத்தோடு, இம்முறை அச்சமின்றிக் கேட்பான்.